அளக்காமல் எழுதிய எழுபத்திரண்டு

மருந்தாலையின் பரிசோதனைக்கூடத்து மெஷினை சர்வீஸ் செய்ய வந்த மெக்கானிக் வேலையை முடித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், என் கண் முன்னால ஒரு தடவை சுத்தத் தண்ணிய அளந்து காட்டிடுங்க. கையெழுத்து வாங்கிட்டுக் கிளம்புறேன்."

அவள் கழுவிக் கவிழ்த்திருந்த கண்ணாடிக் குவளையில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மெஷினுக்குள் வைத்தாள். மெல்லிய பிளாட்டினத் தகடு இறங்கி நீரின் மேற்பரப்பைத் தொட்டது. தகட்டை நீர் எவ்வளவு இழுக்கிறது என்பது திரையில் எண்ணாக வரும். அதுதான் பரப்பு இழுவிசை. எழுபத்திரண்டு வர வேண்டும். வந்தது அறுபத்து மூன்று. பார்க்கப் பார்க்க அறுபத்தொன்றுக்கு இறங்கியது.

மெக்கானிக் தன் பெட்டியிலிருந்து வேறு குவளையை எடுத்து அளந்தார். எழுபத்திரண்டு. அசையவே இல்லை.

"மெஷின் நல்லாதான் இருக்கு. உங்க குவளையிலதான் சோப்பு ஒட்டியிருக்கு. தினமும் காலையில தண்ணிய அளந்து பார்க்குறீங்கல்ல?"

"பார்க்குறோம்," என்றாள்.

மூன்று மாதமாகப் பார்க்கவில்லை. நாலு வருடம் தினமும் எழுபத்திரண்டையே பார்த்து அலுத்துப்போயிருந்தாள். தண்ணி என்ன மாமியாரா, நாளுக்கொரு குணம் காட்ட? தனக்குத்தானே சிரித்துக்கொண்டு, அளக்காமலே பதிவேட்டில் எழுபத்திரண்டு என்று எழுதப் பழகிவிட்டாள். குவளையை ஆறு முறை அலச வேண்டியதும் இரண்டாகிப் போனது.

அந்த ஆலை செய்தது குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலுக்குள் விடும் மருந்து. அந்தப் பிஞ்சு நுரையீரலில் இருக்கும் ஈரமே அவர்களுக்கு எமன். குட்டிக் குட்டிக் காற்றறைகளை அது இழுத்து மூடிவிடும். மருந்து போய் அந்த இழுவிசையைத் தளர்த்த வேண்டும், அதுவும் ஐந்து விநாடிக்குள். மூச்சு காத்திருக்காது. ஒவ்வொரு தயாரிப்பிலும் விநாடிக்கு விநாடி எண் எப்படி இறங்குகிறது என்று அளந்து சொல்வதுதான் அவள் வேலை. ஆனால் சோப்பும் இழுவிசையைத் தளர்த்தும். சோப்புக் குவளையில் சோம்பேறி மருந்தும் பாஸாகிவிடும்.

மெக்கானிக் போனதும் குவளைகளைப் பத்து முறை அலசினாள். தகட்டை நெருப்பில் சிவக்கக் காட்டினாள். மூன்று மாதத்துத் தயாரிப்புகளிலிருந்து எடுத்து வைத்திருந்த மூன்று மாதிரிகளை ஒவ்வொன்றாக அளந்தாள். முதல் இரண்டும் சரி. மூன்றாவது, ஐந்து விநாடியில் இருபத்தைந்துக்கு வர வேண்டியது, நாற்பத்தொன்றில் நின்று தயங்கியது. கீழே வர அரை நிமிடம் பிடித்தது. நாலு தடவை அளந்தாள். நாலு தடவையும் அதே கோடு. அந்த மருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது.

தரக்கட்டுப்பாட்டுக்குத் தலைவி அவளுடைய அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. இந்த வேலையை வாங்கிக்கொடுத்தவளும் அவளே. கேட்டு முடித்ததும் அண்ணி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"கடைசியில எண் சரியாத்தானே வருது? கொஞ்சம் லேட்டா வருது, அவ்வளவுதானே?"

"அரை நிமிஷம் மூச்சைப் பிடிச்சுப் பாருங்க அண்ணி."

அண்ணி மெதுவாக, "நீ எழுதுனதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டவ நான். ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். ஒரு நாள் டைம் குடு, யோசிக்கிறேன்."

"அதுக்குள்ள எத்தனை குழந்தைக்குக் குடுத்துடுவாங்களோ."

அண்ணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடைசியில் ஆஸ்பத்திரிகளின் பட்டியலையும் போனையும் அவள் பக்கம் தள்ளினாள். "நீயே பேசு. என் வாயில வராது."

ஏழு இடம். ஐந்து இடத்தில் பாட்டிலைத் திறக்கவே இல்லை. ஆறாவது இடத்து டாக்டர், "நேத்து ஒரு பெண் குழந்தைக்குப் போட்டோம், மருந்து கேக்கவே இல்ல. இப்பவே மாத்துறேன்," என்று போனை வைத்தார். ஏழாவது இடத்து டாக்டர் சொன்னார்: "இங்க ஒரு குழந்தை போயிடுச்சும்மா. மூணு நாள் ஆச்சு. இருபத்தாறு வாரத்துலயே பொறந்தது. மருந்தாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது."

மருந்து முழுதும் திரும்பி வந்தது. விசாரணையில் அவள் எதையும் மறைக்கவில்லை. அவளுக்கு வேலை போனது. அண்ணியைக் கிடங்குக்கு மாற்றினார்கள். ஆறாவது ஆஸ்பத்திரிக் குழந்தை பதினோரு நாளில் சுவாசக் கருவி இல்லாமல் மூச்சுவிட்டது. அதைக் கேட்டு அவள் அழுதாள். ஆனால் தூக்கம் வந்தபாடில்லை.

விசாரணை முடிந்தபின், ஏழாவது டாக்டர் மூலம் இறந்த குழந்தையின் தாயிடம் சம்மதம் கேட்டு, ஒரு மாலையில் போனாள். மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவளுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. டாக்டர் சொல்லி அந்தப் பெண்ணுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை.

"மருந்து நல்லா இருந்திருந்தா பொழைச்சிருக்குமாக்கா?"

"தெரியலம்மா. டாக்டருக்கும் தெரியல. ஆனா நான் அளந்து பார்க்காம எழுதினேன். அது நிஜம்."

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவாள் என்று இவள் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி," என்றாள் அந்தப் பெண். சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.