விருந்தாளி முகத்தில் புகை

அல்மாட்டியில் யாரிடம் வழி கேட்டாலும் வடக்கு, தெற்கு என்று சொல்ல மாட்டார்கள். மலைப்பக்கம் மேலே, எதிர்ப்பக்கம் கீழே, அவ்வளவுதான். மேலே இருப்பவர்களுக்குக் காற்று, கீழே இருப்பவர்களுக்கு நிலக்கரிப் புகை. எங்கள் மூன்றாம் தெரு கீழேயும் கீழ். குளிர்காலத்தில் விழுகிற பனி எங்கள் வாசலில் இரண்டாம் நாளே கறுத்துவிடும்.

நவம்பரில் என் வீட்டுக்காரர் எர்தெனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. இப்போது அவர் இருமினால் பக்கத்து வீட்டு நாய் பதிலுக்குக் குரைக்கிறது. நைலா டாக்டர் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“உங்க தெருக் காத்து இவருக்கு ஆகாது. இன்னும் ரெண்டு குளிர்காலம் இப்படியே போனா நெஞ்சு தாங்காது. மேல போயிடுங்க.”

“போற வழியிலதான் இருக்கேன், டாக்டர்,” என்றார் இவர்.

“அட, நான் மலைப்பக்கத்தைச் சொன்னேன்.”

எங்கள் வீட்டைப் போல ஒன்பது வீட்டை விற்றாலும் மலைப்பக்கம் ஒரு கார் நிறுத்த இடம் கிடைக்காது. நாங்கள் மேலே போக முடியாது என்றால் கரிக்குப் பதிலாக எரிவாயுவைக் கீழே வரவழைக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். நான் தெருத் தலைவி. இரண்டு வருடமாகப் பதினோரு மனு எழுதியிருந்தேன். பன்னிரண்டாவதை எழுதியபோது அழுதுகொண்டே எழுதினேன், அதனால்தானோ என்னவோ பதில் வந்தது.

நகராட்சியில் சுத்தக் காற்றுக் குழு என்று புதிதாக ஒன்று அமைத்திருந்தார்கள். இந்த வருடம் ஒரே ஒரு தெருவுக்குத்தான் எரிவாயுக் குழாய். பட்டியலில் கடைசியாக நின்றவை இரண்டு. ஒன்று நாங்கள். இன்னொன்று மேலே, ஆப்பிள் தோப்புத் தெரு. மலையை வெட்டிப் புதிதாகக் கட்டிய மாளிகைகள், அங்கே இன்னும் குழாய் போகவில்லை. நீச்சல்குளத்தைச் சூடாக்கவும், கார் ஏறும் பாதையில் பனியை உருக்கவும் அவர்களுக்கு எரிவாயு வேண்டுமாம். மனுவில் அப்படியா எழுதுவார்கள்? ‘நகரத்தின் நுரையீரலுக்காக’ என்று எழுதியிருந்தார்கள். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம்.

இரண்டு தெருவிலும் ஒரு பகல் ஒரு ராத்திரி, காற்றில் எவ்வளவு புகை என்று அளக்கிற கருவி வைப்பார்கள். எங்கே எண் அதிகமோ, அங்கே குழாய். நூறைத் தாண்டினால் மோசம். ஜனவரியில் எங்கள் தெரு கண்ணை மூடிக்கொண்டு இருநூறைத் தாண்டும். நாங்கள் ஜெயித்தாயிற்று என்றே நினைத்தேன்.

இருந்தாலும் ஹாஷிம்ஜானின் ரொட்டிக் கடையில் எல்லோரையும் கூட்டினேன். ஹாஷிம்ஜான் உய்குர் இனத்தவர், தந்தூர் அடுப்பு வைத்திருக்கிறார். கொரியக்காரி ரிம்மா சந்தையில் கேரட் ஊறுகாய் விற்கிறாள். துருக்கியர் பினாலிக்குத் தக்காளி வியாபாரம்.

“திங்கக்கிழமை வர்றாங்க. ஒண்ணும் புதுசா செய்ய வேணாம். தினமும் எரிக்கிற மாதிரி எரிங்க. புகை வரணும். என் வீட்டுக்காரர் உசுரு இதுல இருக்கு,” என்றேன்.

“அதைச் சொல்லணுமா அக்கா? புகையில நாங்க யாருக்கும் சளைச்சவங்களா?” என்றார் ஹாஷிம்ஜான். எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை அதெல் என்ற பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். எங்கள் தெருவுக்கு வெள்ளைக் கோட்டில் வந்த முதல் ஆள் அவள்தான். கருவியை என் முற்றத்தில் வைத்தாள். தெருவைப் பார்த்த எனக்கே அடையாளம் தெரியவில்லை. கறுத்த பனியை எல்லாம் விடியுமுன் அள்ளிக் கால்வாய்ப் பக்கம் கொட்டியிருந்தார்கள். வாயிற்கதவுகளைத் துடைத்திருந்தார்கள். ஹாஷிம்ஜான் சூடாக எட்டு ரொட்டி அனுப்பினார், ரிம்மா கேரட் அனுப்பினாள், பினாலி வீட்டிலிருந்து தேன் வந்தது. விருந்தாளி வந்தால் செய்கிறதுதானே என்று நானும் மேசையை நிரப்பினேன். அந்தப் பெண் இரண்டு ரொட்டி சாப்பிட்டு, நான்கு கிண்ணம் தேநீர் குடித்து, “நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கறேன் அக்கா,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் வந்தாள். கருவியைப் பார்த்தாள், தட்டிப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

“முப்பத்தெட்டு, அக்கா! கீழ இப்படி ஒரு தெரு இருக்கும்னு நான் நினைச்சே பார்க்கல.”

அவளை அனுப்பிவிட்டு நேரே ரொட்டிக் கடைக்குப் போனேன்.

“கரி எரிச்சீங்களா, இல்லையா?”

ஹாஷிம்ஜான் மாவுக் கையைப் பார்த்தார். “விருந்தாளிக்குன்னு போட்ட ரொட்டி அக்கா. அதுல கரி வாடை அடிக்கலாமா? ஆப்பிள் விறகுதான் போட்டேன். நான் ஒருத்தன்தானேன்னு நினைச்சேன்.”

ரிம்மா தன் அக்காள் வீட்டிலிருந்து மின்சார ஹீட்டர் இரவல் வாங்கியிருந்தாள். “வெள்ளைக் கோட்டு போட்ட பொண்ணு அக்கா. அது மேல கரி படிஞ்சா நம்ம தெருவைப் பத்தி என்ன நினைப்பா? என் ஒரு வீட்டுப் புகை குறைஞ்சா என்ன ஆயிடப் போகுது?”

பினாலி அடுப்பையே அணைத்துவிட்டுக் குடும்பத்தோடு ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். “விருந்தாளி முகத்துல புகை விடுறது எங்க அப்பன் பாட்டன் பழக்கம் இல்லம்மா,” என்றார், என்னமோ நான்தான் தப்பாகப் பேசிவிட்டது போல.

இருபத்தாறு வீட்டிலும் இதே கதை. ஒவ்வொருவரும் தான் ஒருத்தர் மட்டும்தான் என்று நினைத்திருக்கிறார்கள். போதாததற்கு முந்தின நாள் அடித்த காற்று நான்காம் தெருப் புகையையும் தள்ளிக்கொண்டு போயிருந்தது. வருடத்துக்கு நான்கு நாள் அடிக்கிற காற்று, அன்றைக்கா அடிக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன். “இவனுங்களுக்காகப் போய்ப் பன்னிரண்டு மனு எழுதினேனே. ஒருத்தனாவது சொன்னதைக் கேட்டானா? முட்டாப் பசங்க.”

எர்தென் கட்டிலில் கம்பளிக் கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார்.

“திட்டு, திட்டு,” என்றார். “நம்ம கரி வாளி மட்டும் ஏன் நேத்திலேருந்து நிறைஞ்சே இருக்கு?”

நான் வாளியைப் பார்த்தேன். ஊருக்குத்தான் உபதேசம். அந்தப் பெண் முதல் கிண்ணத் தேநீரின்போது ஒரே ஒரு தடவை இருமினாள். கரி எடுக்கப் போன என் கை அப்படியே திரும்பி வந்துவிட்டது. அவருக்குக் குளிர்கிறதா என்றுகூட நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆப்பிள் தோப்புத் தெருவில் என்ன நடந்தது என்று அதெலே பிறகு சொன்னாள். அங்கே யாரும் அவளை உள்ளே விடவில்லையாம். காவலாளி ஒரு நீராவிக் குளியல் அறைப் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இடம் காட்டி, கருவியை அங்கே வை என்றானாம். அன்றைக்குப் பார்த்து எல்லா மாளிகையிலும் நீராவிக் குளியலுக்கு விறகு போட்டிருக்கிறார்கள், முற்றத்துக்கு முற்றம் ஆடு வாட்டியிருக்கிறார்கள். ஒரு வாய் தண்ணீர்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை. எண் நூற்றுத் தொண்ணூறு. குழாய் அவர்களுக்குப் போனது. படித்தவர்கள் இல்லையா, விதிமுறையைப் படித்திருக்கிறார்கள். நாங்கள் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குக் ‘கீழ் நகரத்தின் சுத்தமான தெரு’ என்று எழுதிய ஒரு பலகை என்று அறிவித்தார்கள்.

பிப்ரவரியில் மறுபடி ஆஸ்பத்திரி. நைலா டாக்டரின் மேசையில் பேப்பர் கிடந்தது. அதில் எங்கள் தெருவின் படம்.

“உங்க தெருக் காத்துதான் கீழ் நகரத்துலயே சுத்தமாமே. அப்ப இது காத்தால வந்ததில்ல. சிகரெட் எத்தனை வருஷமா?”

“நான் குடிக்கிறதில்ல, டாக்டர்.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க,” என்று எழுதிக்கொண்டார்.

“அப்ப மேல போக வேணாமா?” என்று கேட்டார் எர்தென்.

“எதுக்கு? இப்ப மேலதான் மோசமாம். இருக்கிற இடத்துலயே இருங்க.”

வெளியே வந்ததும் எர்தென் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வருகிற அழுகை அது.

“நாளைக்கு அந்தப் பொண்ணு பலகை மாட்ட வருதே,” என்றார் மூச்சு திரும்பியதும். “கரி போடுவியா?”

“போடுவேன்.”

மறுநாள் காலை பார்க்கிறேன், ரிம்மாவும் பினாலியும் கறுத்த பனியை அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். ஹாஷிம்ஜான் என் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் வாளி முழுவதையும் அடுப்பில் கொட்டினேன்.

அதெல் வந்தபோது முற்றத்தில் புகை இடுப்பளவு நின்றது. எங்கள் புகை மேலே போகாது, மலை விடாது. அவள் கண்ணைக் கசக்கினாள். வெள்ளைக் கோட்டின் தோளில் கரி விழுந்தது.

“என்னக்கா, இன்னைக்கு ஏதாவது தீப்பிடிச்சுதா?”

“இல்லம்மா. தினமும் இப்படித்தான். அன்னைக்குத்தான் உனக்காக நிறுத்தி வச்சிருந்தோம்.”

அவள் என் வீட்டுப் புகைபோக்கியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

“இன்னைக்குக் கருவி கொண்டு வரலையே, அக்கா,” என்றாள்.

பிறகு என்னிடம் ஆணி கேட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே எர்தென் இருமினார், வாசலில் அவள் இருமினாள். இருமிக்கொண்டே பலகையை நேராக மாட்டினாள். நான் அவளுக்குத் தேநீர் ஊற்றப் போனேன்.