மேடையேறிய பாவத்துக்கு

பர்மாவின் மிங்கலா தாங்ஞுன்ட் வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் எதுவானாலும் நாற்காலி வேண்டுமென்றால் நாகரத்தினத்தின் வீட்டுக்குத்தான் வருவார்கள். ரயில்பாதைக்குப் பின்னால் அவள் வீடு. கீழ்த்தளம் முழுக்க நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தார்ப்பாய்களும் அடுக்கியிருக்கும். அவளும் முட்டிவலிக்காரரான அவள் புருஷன் நல்லையாவும் மாடியில் குடியிருந்தார்கள்.

தேர்தல் அறிவித்த குளிர்காலத்தில் சுரேந்திரன் வந்து நின்றான். அப்பா தமிழர், அம்மா பர்மியர். மேலவைக்கு நின்ற ஒரு வேட்பாளருக்கு இந்தப் பகுதியில் ஆள் சேர்க்கிற வேலை அவனுக்கு. வந்ததும் பர்மிய வழக்கப்படி "டோ நாகா" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டான். விஷயத்துக்கு வந்தபோது அது அக்காவாகிவிட்டது.

"அக்கா, கோயில் மண்டபத்துல கூட்டம். நாற்காலி வேணும். உக்கார ஆளும் வேணும்."

"நாற்காலியைத்தான் வாடகைக்கு விடுறேன் தம்பி. ஆளை விடுறதில்ல."

"காலி நாற்காலியைப் படம் எடுக்க முடியுமா? நீங்க கூப்பிட்டா வருவாங்க. வார்டு ஆபீஸ்லேர்ந்தும் வந்து நிப்பாங்க. யார் வந்தா யார் வரலன்னு பாப்பாங்க."

கடைசியாகச் சொன்னதை அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். மிரட்டல் மாதிரி இல்லை. அவனையே யாரோ மிரட்டி அனுப்பியதுபோல் இருந்தது. நாகரத்தினம் பெருமூச்சு விட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரே பேச்சுத்தான். "எனக்காக வந்து கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போங்க." ஓட்டில் யாருக்கும் பிடிப்பில்லை. இருந்தாலும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் நாற்காலி கொடுத்தவள் வந்து கேட்டால் எப்படி முடியாது என்பது? வந்தார்கள்.

வேட்பாளர் நாட்டைப் பற்றியும் ஒற்றுமையைப் பற்றியும் பேசினார். அவருக்கு ஐந்தாறு வட்டாரம் சேர்ந்த தொகுதி. அன்றைக்கு மட்டும் இது நான்காவது கூட்டமாம். குரல் கட்டிப்போயிருந்தது. முடிவில் சுரேந்திரன் மைக்கைப் பிடித்து, "தமிழ் மக்கள் சார்பில் டோ நாகரத்தினம் மாலை போடுவார்" என்றான். முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் மறுக்க முடியாமல் அவள் மேடையேறி மாலையைப் போட்டாள். ஏதாவது பேசச் சொன்னார்கள். "எல்லாரும் நல்லா இருக்கணும்" என்று பர்மியத்தில் சொல்லிவிட்டு இறங்கினாள். அந்தப் படம் அன்று சாயங்காலமே எல்லோருடைய போனிலும் வந்துவிட்டது.

"அடுத்த தடவை நீங்களே நிக்கலாம் அக்கா" என்றான் சுரேந்திரன், நாற்காலிகளை ஏற்றும்போது.

"எனக்குப் பச்சை அட்டை தம்பி, பிறவிக் குடிமக்களுக்குக் கொடுக்கிற அட்டை இல்ல. ஓட்டுப் போடலாம், நிக்க முடியாது. நாற்காலியைச் சரியா எண்ணி ஏத்து."

அந்த வேட்பாளருக்கே வெற்றி என்று வானொலியில் சொன்னார்கள். வெற்றி பெற்றவர் தலைநகர் நேப்பிடோவுக்குப் போனார். நாகரத்தினம் அவரை மறந்துவிட்டாள். ஆனால் தெரு மறக்கவில்லை.

தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சாக்கடை அடைத்துக்கொண்டது, உங்க ஆளிடம் சொல்லுங்கள். ஒரு வாரமாகக் கரண்ட் இல்லை, உங்க ஆளிடம் சொல்லுங்கள். "எனக்கு ஏது ஆளு?" என்று அவள் சொன்னால் போனை எடுத்துக் காட்டினார்கள். படத்தில் மாலையும் கையுமாக அவளே நின்றாள். சொல்லிச் சொல்லி அலுத்து, பிறகு வந்தவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள்.

ஒரு நாள் காலை ரேவதி வந்தாள். அடுத்த சந்தில் தையல் மிஷின் வைத்திருப்பவள். தம்பி முரளிதரனோடு இருக்கிறாள். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிற குலுக்கலில் அவன் பெயர் விழுந்துவிட்டது.

"அவனுக்கு இடது காது சின்னதுலேர்ந்து கேக்காது அக்கா. வார்டு ஆபீஸ்ல சொன்னேன், எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் சொன்னா அவர் கேப்பாருன்னு யார் சொன்னா?"

"நீங்க கூப்பிட்டுத்தானே நாங்க கூட்டத்துக்கு வந்தோம்?"

குத்திக்காட்ட அவள் அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் நாகரத்தினத்துக்கு அது உறைத்தது.

மறுநாள் இரண்டு பஸ் மாறி மேலவை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போனாள். மாடிப்படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. உள்ளே ஒரு மின்விசிறி, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் சுரேந்திரன். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"மேலவைன்னா சட்டம் பாக்குற இடம் அக்கா. இதிலெல்லாம் அவர் தலையிட முடியாது."

"வேற எதுல தலையிடுவார்?"

அவன் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

"போனாவது போட்டுக் கொடு. நான் பேசிக்கிறேன்."

"நான் போட்டாலே எடுக்கிறதில்ல அக்கா. போன மாசத்துலேர்ந்து எனக்குச் சம்பளமும் வரல." அவன் எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். "நீங்களே வார்டு ஆபீஸுக்குப் போய்ப் பாருங்க. அங்க உங்களைத் தெரியும்."

கத்த வேண்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தால் கத்துவதற்கும் ஒன்றுமில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கினாள்.

அடுத்த நாள் ரேவதியையும் முரளியையும் கூட்டிக்கொண்டு வார்டு ஆபீஸுக்குப் போனாள். வெளிப்பெஞ்சில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன் வாயைத் திறக்கவேயில்லை. உள்ளே கூப்பிட்டதும் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். மகளின் காதுகுத்துக்கு அவளிடம்தான் நாற்காலி எடுத்திருந்தார்.

"டோ நாகா, இவன் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல."

"கட்சி விஷயமா?"

"இல்லைங்க. எனக்குக் கட்சி கிடையாது."

"பின்னே எதுக்கு வந்தீங்க?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பேச்சை அவள் விட்டுவிட்டாள். "கூட்டத்துக்கு ஆள் வேணும்னாங்க. இவங்க வீட்டு வாசல்ல போய் நின்னு நான்தான் கூப்பிட்டேன். இப்ப இவங்க என் வாசலுக்கு வந்திருக்காங்க. நான் எங்க போய் நிக்கிறது?"

குமாஸ்தா எழுந்து முரளிக்குப் பின்பக்கம் போய், இடது காதருகே குனிந்து மெதுவாக என்னவோ சொன்னார். முரளி எதிர்ச்சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தபடியே நின்றான். ரேவதி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நடிக்கவும் செய்யலாம்" என்றார் குமாஸ்தா.

"செய்யலாம். டாக்டர் பாக்கட்டும். நாங்க அதைத்தான் கேக்கிறோம்."

அவர் பெருமூச்சு விட்டார். விலக்குக் கொடுக்கத் தனக்கு அதிகாரமில்லை என்றார். டாக்டர் பரிசோதனைக்கு எழுதி அனுப்ப மட்டும் முடியுமாம். அனுப்பினார்.

பரிசோதனைக்கும் நாகரத்தினம் கூடப் போனாள். திரும்ப இரண்டு தடவை வரச் சொன்னார்கள், இரண்டு தடவையும் போனாள். டாக்டர் காதில் என்னென்னவோ கருவி வைத்துப் பார்த்துவிட்டு, இந்தத் தடவை எடுக்கிற ஆட்களில் முரளியைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும்.

"அப்ப இது இன்னும் முடியலையா அக்கா?" என்று கேட்டாள் ரேவதி, பஸ்ஸில் வரும்போது.

"முடியல. தள்ளிப் போயிருக்கு."

ரேவதி அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். எத்தனை ராத்திரித் தூக்கமோ. முரளி வலது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு வந்தான். இறங்கும்போது முதன்முறையாகப் பேசினான். "நன்றி, அத்தை" என்றான் பர்மியத்தில். சொல்லிவிட்டு நாகரத்தினத்தின் கையிலிருந்த பையை வாங்கி அவள் வீட்டு வாசல்வரை தூக்கிவந்தான்.

வாசலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கரண்டு விஷயமாக. இன்னொரு பெண் யாரென்றே தெரியவில்லை. ஊரின் மறுகோடி இன்சீனிலிருந்து வந்திருக்கிறாளாம், அங்கே யாரோ நாகரத்தினத்தைப் பற்றிச் சொல்லியனுப்பினார்களாம்.

நல்லையா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். "போகச் சொல்லவா?"

நாகரத்தினம் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். ஒரு காலில் வார் அறுத்துக் கொப்புளம் வந்திருந்தது.

"அவங்களுக்கு டீ போட்டுக் கொடுங்க" என்றாள். "நான் காலைக் கழுவிட்டு வர்றேன்."