எலியட்ஸ் பீச்சில் ஒரு தற்செயல் சந்திப்பு

"பீச்சுக்குப் போலாமா?" என்று என்னைப் பெற்ற அம்மி கேட்டபோதே எனக்குப் புரிந்துவிட்டது. வீடெல்லாம் மணல் ஆகும் என்று என்னைக் கடற்கரைப் பக்கமே விடாதவள், திடீரென்று பெசன்ட் நகர் கிளம்பினால் வேறு என்ன காரணம் இருக்கும்?

எங்கள் சிந்தாதிரிப்பேட்டைச் சொந்தக்காரர்களிடம் இப்போது இதுதான் வழக்கம். பெண் பார்க்க வீட்டுக்கு வருவதில்லை. வந்து பிடிக்காமல் போனால் தெருவே துக்கம் விசாரிக்கும். அதனால் ஏதாவது சுற்றிப்பார்க்கிற இடத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பது போலச் சந்தித்துக்கொள்வார்கள். பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியாது. சித்தி மகள் மஹ்விஷை கிண்டி பாம்புப் பண்ணையில், முதலைக்கு முன்னால் நிற்கவைத்துப் பார்த்தார்கள்.

எனக்கு வந்ததே கோபம்! வேண்டுமென்றே சாயம்போன குர்த்தாவைப் போட்டுக்கொண்டேன். அம்மியோ கத்தரிப்பூ நிற துப்பட்டாவும் கண்ணில் சுர்மா மையுமாக வந்து நின்றாள். மாப்பிள்ளை வீட்டாரிடம் கௌரவம் காட்டுகிறாளாம்.

பீச்சில் கால் வைக்கக்கூட இல்லை, "அட, நீங்களா! இன்னா இந்தப் பக்கம்?" என்றாள் அம்மி. படு மோசமான நடிப்பு. எதிரே இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மகன். ராயப்பேட்டையில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மெஹபூப் அலியாம், மகன் ஃபராஸாம்.

மாங்காய் வாங்கப் பெரியவர்கள் இரண்டு பேரும் நகர்ந்தார்கள். எங்களைத் தனியாகப் பேச விடுகிறார்களாம்! ஃபராஸ் பலூன் சுடும் கடையில் துப்பாக்கியை வாங்கி என்னிடம் நீட்டினான். நான் அதை வாங்கிக் கடைப் பலகையில் வைத்தேன்.

"இங்க பாருங்க, எனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டம் இல்ல! பேசாம வூட்டுக்குப் போயிடுங்க!"

பலூன்கள் வெடிக்கிற சத்தத்தையும் மீறிக் கத்திவிட்டேன். அக்கம்பக்கத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஃபராஸ் பேய் அறைந்த மாதிரி நின்றான்.

"சிஸ்டர், எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. அதோ, குதிரையாண்ட கொழந்தையோட நிக்கிறது என் வொய்ஃபு," என்றான் மெதுவாக. "இன்னிக்குப் பாக்க வந்தது நாங்க இல்ல. நீங்க. எங்க அப்பாவ. என் பொண்ணு மொதல்ல அவரைப் பாக்கட்டும், அவளுக்குப் புடிச்சாத்தான் மேல பேச்சுன்னு உங்க அம்மிதான் சொன்னாங்க."

அம்மிக்கா? கல்யாணமா? அப்பா இறந்துபோனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அம்மி என்றால் எனக்குச் சோறு, தையல் மிஷின், திட்டு, அவ்வளவுதான். அவளுக்கென்று ஓர் ஆசை இருக்கும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அசிங்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

திரும்பினால், பின்னாலேயே மாங்காய்ப் பொட்டலத்தோடு அம்மி, பக்கத்தில் மெஹபூப் அலி. நான் கத்தியதைக் கேட்டுவிட்டாள். எனக்கு எல்லாம் தெரிந்துபோய், அவளுடைய கல்யாணத்தைத்தான் வேண்டாம் என்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். முகத்தில் ஈயாடவில்லை.

மெஹபூப் அலிதான் முதலில் சமாளித்தார். "பரவால்லம்மா. நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத," என்று என்னிடம் சொன்னார். அம்மியைப் பார்த்து, "நான் வரேங்க," என்றார். ரோட்டைப் பார்த்து நடந்தார். மனைவியைக் கூப்பிட ஃபராஸ் குதிரைப் பக்கம் ஓடினான்.

"வா, பஸ் போயிடும்," என்றாள் அம்மி. அவ்வளவுதான். இனி சாகும்வரை இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவளை எனக்குத் தெரியும்.

"அம்மி, என்னைப் பொண்ணு பாக்க வந்துகிறாங்கன்னு நெனச்சேன். எனக்குத்தான் வேணாம்னேன். உன்னைச் சொல்லல."

"சும்மா என் மூஞ்சிக்காகச் சொல்லாத."

"எனக்கு ஷாக்குதான், அம்மி. அவரை எனக்குப் புடிக்குமான்னுகூடத் தெரியல. ஆனா வேணாம்னு நான் சொல்லல. அவரு போய்க்கினே இருக்காரு, பாரு."

அம்மி என்னைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை கூட்டத்துக்குள் மறையப் போவதைப் பார்த்தாள். மாங்காய்ப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள். துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில், மணலில் ஓடினாள்.

அம்மி ஓடி நான் பார்த்ததே இல்லை.