மஞ்சள் டோக்கன்

செத்த மாட்டின் காதை அறுத்து, அதிலிருந்த மஞ்சள் டேக்கை எடுத்து வைத்துக்கொள்கிறவரைப் பார்த்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? திருடன் என்றுதானே? மாட்டாஸ்பத்திரி ஆபீசிலும் அப்படித்தான் நினைத்தார்கள். அவர் என் அப்பா அசோகன். தங்கச் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருஷம் கீழே இறங்கியவர். நான் சூரத்தில் இருக்கிறேன். தங்கச்சி ஷாலினி போனில் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

மாரிகுப்பத்தில் எங்களுக்கு ஒரு கறவை மாடு, அதன் கன்று. இரண்டின் காதிலும் அரசாங்கம் நம்பர் போட்டு மாட்டிய மஞ்சள் டேக். அந்தப் பாலில்தான் வீடு ஓடியது. இரண்டுக்கும் அம்மை கண்டு, உடம்பெல்லாம் கட்டி கட்டியாக எழும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடு போய்விட்டது. அந்த நோயில் செத்த மாட்டுக்கு அரசாங்கம் இருபதாயிரம் தருவதாகப் பேச்சு. அது வந்தால்தான் பேத்தமங்களாவில் இன்னொரு மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியும். மாட்டு டாக்டர் லீவு. உப்பும் சுண்ணாம்பும் போட்டுப் புதைத்துவிடுங்கள், போட்டோ மட்டும் எடுத்து வையுங்கள் என்று போனில் சொன்னார்.

பேசி முடித்து, போட்டோ எடுக்க ஷாலினி போனோடு மாட்டிடம் வருவதற்குள் அப்பா கத்தியை எடுத்துவிட்டார்.

கீழே இறங்குகிறவன் ஒவ்வொருவனிடமும் நம்பர் போட்ட பித்தளை டோக்கன் இருக்கும். மேலே வந்ததும் டைம் ஆபீசில் கொடுக்க வேண்டும். அப்பாவின் கூட்டாளி ராஜப்பா பாறை வெடித்துச் செத்தபோது, உடம்பை மேலே கொண்டுவந்து அடக்கம் செய்ததில், டோக்கனும் அவர் டவுசர் பையோடு புதைந்துபோனது. டோக்கன் வரவில்லை, ஆள் இன்னும் கீழேதான் என்று எழுதிவிட்டார்கள். நஷ்டஈட்டுக்கு அவர் பெண்சாதி ஒன்றரை வருஷம் நடந்தாள். அதற்கப்புறம் செத்தவன் உடம்பில் அப்பா முதலில் தேடுவது டோக்கனைத்தான்.

திங்கட்கிழமை அவர் டேக்கைக் கழுவி, பேப்பரில் மடித்துக் கொண்டுபோய் ஆபீஸ் மேஜைமேல் வைத்தார். கிளார்க் போட்டோவைப் பெரிசாக்கிப் பார்த்தான். காது கிழிந்திருந்தது.

"இன்னா பெரியவரே, செத்தது யாரு மாடு, டேக் யாரு மாட்டுது? வர்ற வழில ஒண்ண அறுத்துக்கினு வந்தியா?"

"டோக்கன மண்ணுல உட்டா துட்டு வராது சார். அதான் எடுத்தாந்தேன்."

கிளார்க் பக்கத்து மேஜைக்காரனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். அப்பாவுக்கும் கன்னடம் தெரியும். காதில் டேக் இருக்கிற போட்டோ இல்லாமல் பைல் நகராது என்று காகிதங்களைத் தள்ளிவிட்டான். டேக்கையும் சேர்த்து.

பஸ்ஸில் ஷாலினி திட்டிக்கொண்டே வந்தாள். "ஏம்பா, என்ன ஒரு வார்த்த கேட்டா இன்னா?"

"நீ கீழ எறங்கினவளா, உன்ன கேக்கறதுக்கு?" என்றார். வீட்டுக்கு வந்ததும் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கன்றுக்குத் தடவினார். அது நிற்க முடியாமல் நின்றது.

மறுநாள் காலை கன்று செத்துக்கிடந்தது. அப்பா அதைத் தொடவில்லை. டாக்டர் பதினோரு மணிக்கு வந்து, காதிலிருந்த டேக்கோடு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். கன்றுக்கு ஐயாயிரம்.