என் பெயரில் வராது

1

இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எங்கள் சபையின் செயலர் கேட்டார். ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம், கொடுப்பதன் இனிமையைப் பற்றி, சின்னப் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி. "உங்களைத் தவிர இத யாரும்மா எழுத முடியும்?" என்று சொல்லிவிட்டு ஒரு கண்ணைச் சிமிட்டினார். அந்தச் சிமிட்டலின் அர்த்தம் எனக்குத் தெரியும். நான் சபைக்குக் காணிக்கை கொடுப்பதை நிறுத்தி நான்கு மாதம் ஆகிறது. அவர் நினைத்துக்கொண்டிருப்பது இதற்கு நேர் எதிர்.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாங்கிப்போக வருவார். இப்போது மணி பதினொன்றரை.*

* எந்த மதத்துச் சபை என்று கேட்பீர்கள். சொன்னால் பாதிப் பேர் 'அவர்கள் அப்படித்தான்' என்பீர்கள், மீதிப் பேர் 'நாங்கள் அப்படி இல்லை' என்பீர்கள், கதை அங்கேயே முடிந்துவிடும். ஒரு மேடை, ஒரு ஒலிபெருக்கி, குடும்பத்துக்கு ஒன்றாகப் பெயர் எழுதிய மாதாந்திர உறைகள். இவ்வளவு போதும்.

2

முதல் தொடக்கம்:

"அவள் ஒரு பிசியோதெரபிஸ்ட். ஊரார் மூட்டுகளையெல்லாம் மடக்கி நீட்டத் தெரிந்த அவளுக்குத் தன் மனதை மட்டும்—"

[அடித்துவிட்டேன். இப்படி வாக்கியம் எழுதுகிறவர்களை எனக்கே பிடிக்காது.]

இரண்டாம் தொடக்கம்:

"கொடுக்கும் கைகளுக்கு என்றுமே—"

[கைகள் என்று எழுதியதும் வேறொருவர் கை ஞாபகம் வந்துவிட்டது. பேனாவை வைத்துவிட்டு டீ போட்டுக் குடித்தேன்.]

மூன்றாம் தொடக்கம்:

"அவளுக்கு வயது நாற்பத்தாறு. தாயுடன் நான்காம் மாடியில் குடியிருந்தாள். அவள் தாய்க்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம்—"

அவள், அவள் என்று யாரை ஏமாற்றுகிறேன்? அவள் நான்தான். நான்காம் மாடியும் பக்கவாதமும் இருந்தால் சபையில் ஒரு குழந்தை கூடக் கண்டுபிடித்துவிடும். இனி 'நான்' என்றே எழுதுகிறேன். வாக்கியங்களும் சுருக்கமாக வருகின்றன.

3

அந்தக் கை யாருடையது என்று சொல்லிவிடுகிறேன்.

சபை மண்டபத்தைப் பதினான்கு வருடம் பெருக்கித் துடைத்தவரை நாங்கள் எல்லாரும் 'கூட்டுற அக்கா' என்போம். புது மண்டபம் கட்டியபோது கூரையை உயர்த்தினோம். கூரை உயர்ந்ததால் மின்விசிறிகளும் உயர்ந்தன, ஏணியும் உயர்ந்தது. ஒரு நாள் விசிறியைத் துடைக்க ஏறியவர் ஏணியோடு சரிந்து விழுந்தார். வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. கட்டுப் பிரித்த பிறகு அந்தக் கையைத் தூக்கிக்கொண்டு நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு வந்தார்.

நாங்கள் ஒரு பயிற்சி கொடுப்போம். ஈரத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, வாளிக்கு மேல் முறுக்கிப் பிழிய வேண்டும். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். மூன்று சொட்டு விழுந்தது.

"இதே கையாலதான் டாக்டரம்மா, மண்டபம் முழுக்கத் துடைச்சிட்டு மாப்புத் துணியப் பிழிவேன். சொட்டுத் தண்ணி நிக்காது," என்றார்.

(நான் டாக்டர் இல்லை என்று பலமுறை சொல்லிவிட்டேன். அவர் விடுவதாக இல்லை.)

"சபையில என்னக்கா சொன்னாங்க?"

"எனக்காக வேண்டிக்கிறோம்னாங்க. பழக்கூடை ஒண்ணு கொண்டுவந்து வெச்சாங்க. நல்லவங்கதான், குத்தம் சொல்லக் கூடாது. என்ன, ஆப்பிள இந்தக் கையால வெட்டத்தான் முடியல."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிகிச்சைக்குத் தன் கைக்காசைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தைத் துடைக்க அதற்குள் ஒரு கம்பெனி மெஷினோடு வந்துவிட்டது.

4

செயலரிடம் போய்க் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார்.

"அவங்க சம்பளத்து ஆளு இல்லம்மா. சேவைக்கு வந்தவங்க. மாசாமாசம் நாம குடுத்தது அன்பளிப்பு. சம்பளம்னு இருந்தாத்தானே நஷ்டஈடுன்னு ஒண்ணு வரும்? விதியில இடமே இல்ல. எனக்கு மட்டும் மனசு இல்லையா?"

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த ஒரு சொல் காலில் தைத்த முள்ளாகக் கூடவே வந்தது. பதினான்கு வருடம் வேலை வாங்கிவிட்டுக் கொடுத்ததற்குப் பெயர் அன்பளிப்பு. நான் கொடுத்தது உண்மையிலேயே அன்பளிப்பு, அது ஒரு மாதம் தாமதமானால் மட்டும் "மறந்துட்டீங்களாம்மா?" என்று போன் வரும். எனக்குக் கோபம் வந்தது. இனி கொடுப்பதில்லை என்று தெரு முனையிலேயே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வது சுலபமாகத்தான் இருந்தது. அதைக் கடிதமாக எழுதுவதற்கு ஒன்பது நாள் பிடித்தது.

'தரமாட்டேன்' என்று எழுதினேன். சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தது. 'தர இயலாது' என்று மாற்றினேன். கையில் காசில்லை போலும் என்று எனக்காக வசூலில் இறங்கிவிடுவார்கள். 'நிறுத்திக்கொள்கிறேன்' என்றால் சபையை விட்டே விலகுகிற மாதிரி. கடைசியில் 'வராது' என்ற சொல்லைப் பிடித்தேன். அதில் யாரும் எதுவும் செய்யவில்லை. பஸ் வராது, தண்ணீர் வராது, காணிக்கை வராது.

"மதிப்புக்குரிய செயலருக்கு வணக்கம். அடுத்த மாதம் முதல் என் பெயரில் காணிக்கை வராது. தவறாக எண்ண வேண்டாம்."

கடிதத்தை உறைக்குள் வைத்தேன். உறை ஒல்லியாக, பார்க்கவே வெட்கமாக இருந்தது. இந்த ஒரு மாதம் மட்டும் என்று வழக்கமான பணத்தையும் உள்ளே வைத்து ஒட்டினேன். [என்னை என்ன சொல்லித் திட்டுவதென்று தெரியவில்லை. நீங்களே திட்டிக்கொள்ளுங்கள்.]

5

அடுத்த வாரக் கூட்டத்தில் செயலர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். நான் மூன்றாவது வரிசையில், அம்மாவின் சக்கர நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

"நம்மள்ல ஒருத்தர் கடிதம் எழுதியிருக்காங்க. 'என் பெயரில் வராது'ன்னு. அப்படின்னா என்ன? காணிக்கை வரும், பேரு வராது! பேரு வேண்டாம்னு சொல்ற மனசு நம்மள்ல எத்தனை பேருக்கு இருக்கு?"

கூட்டம் கை தட்டியது. என் காது மடல் சுட்டது. கூட்டம் முடிந்ததும் அவர் குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பக்கவாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு பக்கம்தான் சிரிக்கும், அன்றைக்கு இரண்டு பக்கமும் சிரித்த மாதிரி இருந்தது.

அடுத்த மாதம் காணிக்கைப் பெட்டியில் பெயரில்லாத உறைகள் பதினொன்று விழுந்தன. எனக்குத் தெரிந்து அதில் ஒன்றுகூட என்னுடையது இல்லை. "உங்க உறை எதுன்னு கண்டுபிடிக்கவே முடியலம்மா!" என்று செயலர் சிமிட்டினார். 'அது அப்படி இல்லண்ணா' என்பது தொண்டை வரை வந்தது. விழுங்கிவிட்டேன். அதற்கு அடுத்த மாதமும், அதற்கு அடுத்த மாதமும் விழுங்கினேன்.

6

ஏன் விழுங்கினேன் என்று சொல்லும் முன் ஒரு திருத்தம். முதலில் எழுதியபோது செயலருக்கு ஒரு தொப்பையும் மூன்று மோதிரங்களும் கொடுத்திருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. பிறகு அடித்துவிட்டேன், ஏனென்றால் அவர் குச்சி மாதிரி இருப்பார், பள்ளி வேன் ஓட்டிப் பிழைக்கிறார். அம்மாவைக் கூட்டத்துக்கு அழைத்துப் போவது அந்த வேன்தான். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோகும் நாட்களில் நாற்காலியோடு அம்மாவைத் தூக்கி நான்கு மாடி இறக்கியவரும் அவர்தான். அவரைக் கெட்டவராக்க முடிந்திருந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

விழுங்கியதற்குக் காரணம் வியாழக்கிழமை.

வியாழக்கிழமை எனக்குக் கிளினிக்கில் முழுநாள் வேலை. அன்றைக்குச் சபையிலிருந்து டீச்சரும் தையல்காரம்மாவும் வருவார்கள். அம்மாவுக்குத் தலைக்கு ஊற்றி, துவட்டி, சீவிப் பின்னிவிட்டு, ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டுப் போவார்கள். நான்காம் மாடியில், கூட்ட நாள் தவிர, வாரம் முழுக்க என் முகத்தை மட்டுமே பார்க்கிற அம்மாவுக்கு அதுதான் திருவிழா. நான் நிஜமாகவே நிறுத்திவிட்டேன் என்று தெரிந்தால் அவர்கள் வருவார்களா? வரக்கூடும். வந்து, அந்தப் பேச்சை எடுக்காமல், சீக்கிரம் சீவிவிட்டுக் கிளம்பக்கூடும். எனக்குப் பயமாக இருக்கிறது.

7

அதனால் சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: நான் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்து உண்மையைச் சொல்கிறேன். மண்டபம் உறைந்து நிற்கிறது. [நான் இதுவரை ஒலிபெருக்கியைத் தொட்டதே இல்லை. இதை யாரும் நம்ப மாட்டார்கள்.]

முடிவு ஆ: கதையைப் படித்த செயலர் மனம் மாறி, கூட்டுற அக்காவுக்குப் பதினான்கு வருடத்துக்கும் சேர்த்து— [ஆண்டு மலருக்கு இதுதான் பொருத்தம். பொய் எழுதினால் என் கையெழுத்து அழகாகிவிடுகிறது, கவனித்தேன்.]

முடிவு இ: வியாழக்கிழமை. அம்மா காலையிலேயே நல்ல உடையை எடுத்து வைக்கச் சொல்கிறாள். நான் வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், அம்மா அதே நாற்காலியில், காலையில் அவளே ஒரு கையால் அவிழ்த்துவிட்ட கூந்தலோடு, கதவைப் பார்த்தபடி

[இதை முடிக்கவில்லை. முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை.]

8

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அம்மா கூப்பிட்டாள். "காலைலேர்ந்து என்ன கிறுக்கிட்டிருக்க? மலருக்குத்தானே? படி, கேப்போம்."

வேறு ஏதாவது படித்திருக்கலாம். முடிவு ஆ கையிலேயே இருந்தது. ஏனோ முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டேன். ஏழு பகுதியும் படித்தேன். நடுவில் நிறுத்தவில்லை.

அம்மா கடைசி வரை கேட்டாள். பிறகு, "அவ கை இப்ப எவ்ளோ மடங்குது?" என்றாள்.

"பாதிதாம்மா."

"ம்." முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். "நாலு மாசமா நான் எல்லார்கிட்டயும் உன்னப் பத்திப் பெருமையடிச்சிட்டிருந்தேன். டீச்சர்கிட்ட ரெண்டு தடவ சொன்னேன். என்னைய இப்படி முட்டாளாக்கிட்டியேடி."

"சொல்லத் தைரியம் வரலம்மா."

"என் தலைமுடிய எதுக்கு இதுல இழுத்த? தலைய விரிச்சுப்போட்டு உக்காந்திருக்கிற மாதிரி எழுதியிருக்க. ஊரே படிக்கும்."

"அத எடுத்துடறேன்."

"எடுக்காத." மறுபடி என் பக்கம் திரும்பினாள். "எனக்கு இது சுத்தமாப் பிடிக்கல. அவங்க ரெண்டு பேரும் வரலன்னா எனக்கு யாரு இருக்கா? அத நீ யோசிச்சியா?"

"அத மட்டுந்தாம்மா யோசிச்சேன்."

அவள் கண் கலங்கியது. நல்ல கையால் துடைத்துக்கொண்டாள். பிறகு வழக்கமான அதட்டல் குரலில் கேட்டாள். "கீழ யாரு பேரு போட்டிருக்க?"

"பேரு போடல. 'ஒரு சகோதரி'ன்னு போடலாம்னு இருக்கேன்."

"அப்ப இது மொட்டைக் கடுதாசி."

எனக்குச் சுருக்கென்றது. பெயரில்லாமல் கொடுத்தால் பெரிய மனது. பெயரில்லாமல் குறை சொன்னால் அதற்கு வேறு பெயர் இருக்கிறது. இத்தனை பகுதி எழுதியும் இந்தச் சொல் என் நினைவுக்கு வரவில்லை.

"நம்ம வீட்ல யாரும் மொட்டைக் கடுதாசி எழுதினதில்ல," என்றாள் அம்மா. "குடுக்காம இருந்தா இரு. என்னமோ பண்ணு. எழுதினா மட்டும் பேரு போட்டு எழுது. அப்பா இனிஷியலையும் விட்டுடாத."

9

மணி ஐந்து ஆகப் போகிறது. கடிதத்தில் எழுத வேண்டியிருந்த வரியை இங்கே எழுதிவிடுகிறேன்: நான் இனிமேல் இந்தச் சபைக்குக் காணிக்கை தரமாட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அந்தப் பதினொரு உறைகளில் எதுவும் என்னுடையது அல்ல.

எழுதியதும் நிம்மதி வரும் என்று நினைத்தேன். வரவில்லை. முடிவு இ அப்படியே அரைகுறையாகக் கிடக்கிறது. அதை எழுதி முடிக்க என்னால் ஆகாது. வரப்போகிற வியாழக்கிழமைதான் முடிக்க வேண்டும்.

பக்கத்தின் அடியில் அப்பாவின் முதலெழுத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் ஒரு புள்ளியும் வைத்தாயிற்று. வாக்கியத்தின் கடைசியில் வைக்கிற புள்ளி என்றால் அதோடு எழுந்து போய்விடலாம். இனிஷியலுக்கு வைத்த புள்ளியை அப்படி விட்டுவிட்டு எழுந்திருக்க முடியவில்லை.

கீழே வேன் வந்து நிற்கும் சத்தம். லிஃப்ட் இன்றைக்கும் ஓடவில்லை, அவர் நான்கு மாடி ஏறி வர வேண்டும். இந்த மாதிரிக் கதைகளில் இந்த இடத்தில் எழுதுகிறவர் பேனாவை வாசகரிடம் நீட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்வார். நானும் நீட்டித்தான் பார்த்தேன். ஆனால் உங்கள் பெயர் இந்த இனிஷியலுக்குப் பொருந்தாது.

காலடிச் சத்தம் இரண்டாம் மாடியைத் தாண்டிவிட்டது. மூன்றாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குகிறார். உள்ளே இருந்து அம்மா குரல் கொடுக்கிறாள்.

"பேரு போட்டியா?"