வாங்கிக் கட்டிக்கொண்டது

ஒரு பொருளைத் திட்ட வேண்டுமென்றால்கூட முதலில் அதற்கு ஒரு நட்சத்திரம் கொடுக்க வேண்டும். அந்த இணையக் கடையின் சட்டம் அப்படி. கொடுக்காமல் எழுதினால் பொத்தான் அமுங்காது. என் வலது கையைப் பொசுக்கிய கெட்டிலுக்கு, இடது கைக் கட்டைவிரலால் தடவித் தடவி, நானே ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு எழுதினேன்: "கொதிக்கிற தண்ணீரோடு தூக்கும்போது கைப்பிடி கழன்றுவிட்டது. கை வெந்துவிட்டது. தயவுசெய்து யாரும் வாங்காதீர்கள்."

பதில் உடனே வந்தது. "நீங்கள் இந்தப் பொருளை வாங்கியதாக எங்களிடம் பதிவு இல்லை. வாங்கியவர்களின் கருத்தை மட்டுமே சரிபார்த்து வெளியிடுகிறோம்."

வாங்கவில்லையாம். நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா?

அழகு நிலையத்தில் புருவம் திருத்துகிறவள் நான். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கை விரல்களாலும் முறுக்கி, ஒவ்வொரு முடியாகப் பிடுங்க வேண்டும். இப்போது என் வலது கைச் சுண்டுவிரலும் மோதிரவிரலும் உள்பக்கமாக மடங்கி நிற்கின்றன, நீட்ட வராது. வாடிக்கையாளர் கண்ணைத் திறந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கையைத்தான். முதலாளியம்மா நல்லவர். வேலையைவிட்டு அனுப்பவில்லை, துண்டு மடிக்கவும் கல்லாவில் உட்காரவும் சொல்லிவிட்டார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வீட்டில் ஒரு கோர்ட் நடந்தது, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நீதிபதி என் மாமியார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கெட்டில் என்னம்மா பண்ணும்? எங்கயோ பராக்குப் பார்த்துக்கிட்டே தூக்கியிருப்பே."

"கைப்பிடி கையோட வந்துடுச்சு அத்தை. நான் என்ன பொய்யா சொல்றேன்?"

"பொய்னு யாரு சொன்னா? கவனம் பத்தலைன்னு சொல்றேன்."

காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஈரத்தைத் துடைத்த கையோடு உடைந்ததையும் குப்பை வண்டியில் போட்டுவிட்டார் அத்தை. என் வீட்டுக்காரரோ, "சரி விடு, இனிமே கவனமா இரு" என்றார். ஆறுதல் போலத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் தீர்ப்பும் அதற்குள்ளேயே இருந்தது.

எங்கேயோ இன்னொருத்திக்கும் அந்தக் கைப்பிடி கழன்றிருக்கும். அவள் வீட்டிலும் அவளைத்தான் திட்டியிருப்பார்கள். நான் எழுதியதைப் பார்த்தால் அவளும் எழுதுவாள். அதை அத்தையின் கண் முன்னால் நீட்டிப் "படிங்க" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

உதவிப் பிரிவுக்கு எழுதினேன். கையின் படத்தை அனுப்பினேன். படத்தில் பொருள் இல்லை, பார்ப்பவர் மனதைப் பாதிக்கும் காட்சி இருக்கிறது என்று தள்ளிவிட்டார்கள். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம். எங்கள் உதவி எப்படி இருந்தது? மதிப்பிடுங்கள்" என்று முடித்தார்கள். அதற்கு மட்டும் நான் யார், எதை வாங்கினேன் என்று யாரும் கேட்கவில்லை.

கெட்டில் வந்தது என் கொழுந்தனின் கணக்கில். வீட்டுக்கு எது வாங்குவதென்றாலும் அவன் கணக்கில்தான் வாங்குவோம். தள்ளுபடி எங்கே கிடைக்கும் என்று மோப்பம் பிடிப்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. வீட்டில் அவன் பெயரே கூப்பன்.

"தம்பி, உன் கணக்குலேருந்து ரெண்டு வரி எழுதிப் போடேன். உன்னைத்தான் வாங்கினவன்னு ஒத்துக்கறாங்க."

"போடலாம் அண்ணி" என்றான். இழுத்த இழுப்பே சரியில்லை. மறுநாள் கேட்டால் நெட் இல்லை என்றான். அதற்கடுத்த நாள் கடவுச்சொல் மறந்துவிட்டதாம்.

சந்தேகப்பட்டு நானே அந்தப் பக்கத்தைத் திறந்து, வந்திருந்த கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். நடுவில் அவன் பெயர் இருந்தது. ஐந்து நட்சத்திரம். "எங்கள் அண்ணி தினமும் பயன்படுத்துகிறார். கைப்பிடி மிக உறுதி. குடும்பமே மகிழ்ச்சி!" பக்கத்தில் பச்சை நிறத்தில் ஒரு முத்திரை: வாங்கியவர், சரிபார்க்கப்பட்டது. கெட்டில் வந்த அன்றைக்கே எழுதியிருந்தான். அன்றைக்கு நான் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். "என்னடா இது?"

"பெட்டிக்குள்ள ஒரு அட்டை இருந்துச்சு அண்ணி. அஞ்சு ஸ்டார் போட்டா அடுத்த தடவை தள்ளுபடி. எல்லாரும் போடுறதுதான்."

"இதை அழிச்சுட்டு நடந்ததை எழுது."

"மாத்தினா என் கணக்கையே முடக்கிடுவாங்க. இந்த மாதிரி நிறையப் போட்டிருக்கேன்." தலையைச் சொறிந்தான். பிறகு பெரிய உபகாரம் செய்கிறவன் போலச் சொன்னான்: "நீங்க ஒண்ணு பண்ணுங்க அண்ணி. உங்க பேர்ல இன்னொண்ணு வாங்கிடுங்க. அப்போ நீங்களும் வாங்கினவங்க. அப்புறம் என்ன வேணா எழுதலாம்."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்களே, அதுதான். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்தச் சனியன் சொன்னதுதான் ஒரே வழி என்பதும் உறைத்தது. நான் சொல்வதை நம்ப, அவர்களுக்கு என் கை போதவில்லை. ரசீதுதான் வேண்டியிருந்தது. எந்தக் கெட்டிலை யாரும் வாங்கக் கூடாது என்று கத்த நினைத்தேனோ, அதையே என் சம்பளத்தில் வாங்கினேன். வீட்டில் மூச்சுவிடவில்லை. பிரிக்காமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம் என்பது என் கணக்கு.

அழகு நிலையத்தில் துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் ஒப்படைத்துவிட்டதாகப் போனில் செய்தி வந்தது. அங்கேயே நின்றபடி, முன்பு எழுதிய அதே வரிகளை மறுபடி எழுதி அனுப்பினேன். மாலை வீட்டுக்குக் கிளம்பும் நேரம் பதில் வந்தது. "நன்றி. உங்கள் கருத்து சரிபார்க்கப்பட்டு வெளியிடப்பட்டது." பச்சை முத்திரை என் பெயருக்குப் பக்கத்தில். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். வழியெல்லாம் அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே போனேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் பெட்டி பிரிந்து கிடந்தது. சமையல் மேடைமேல் புதுக் கெட்டில், உள்ளே தண்ணீர் முனகத் தொடங்கியிருந்தது. அத்தை பக்கத்தில் நின்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"பொருள் மோசம்னா எவளாவது ரெண்டாவது தடவை அதையே வாங்குவாளா?" என்றார். "தப்பு உன் மேலதான்னு உனக்கே தெரிஞ்சிருக்கு. வாயால ஒத்துக்க மனசு வரலை, அவ்வளவுதானே? போகட்டும் விடு. மனுஷின்னா தப்பு செய்யறதுதான்."

மன்னித்துவிட்டார். செய்யாத தப்புக்கு மன்னிப்பு. திட்டியிருந்தாலாவது திருப்பிப் பேசியிருப்பேன்.

"இதை எழுதத்தான் வாங்கினேன்" என்று போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். அவர் நிதானமாகப் படித்தார். பிரிந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"இது இன்னைக்குத்தானே வந்துச்சு? பெட்டியை இப்பதான் அம்மா பிரிச்சாங்க. அதுக்குள்ள கைப்பிடி கழண்டுச்சுன்னு போட்டிருக்கே." சிரித்தார். "நீயும் கூப்பன் மாதிரி ஆரம்பிச்சுட்டியா?"

கூப்பன் சுவரோரம் உட்கார்ந்திருந்தான். எல்லாம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தலை நிமிரவே இல்லை. போனில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தான்.

தண்ணீர் கொதித்துச் சுவிட்ச் தானாக அணைந்தது. அத்தை கைப்பிடியைப் பிடித்துக் கெட்டிலைத் தூக்கினார். அன்றைக்கு நான் தூக்கிய மாதிரியேதான் தூக்கினார். ஊரில் உள்ளவர்களையெல்லாம் எச்சரிக்கப் படாதபாடு பட்டவள் நான். "அத்தை, அடியில துணி கொடுத்துப் பிடிங்க" என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லவில்லை. மறந்து போகவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கழன்று விழட்டும், விழட்டும் என்று அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

விழவில்லை. இரும்பு மாதிரி நின்றது. அத்தை எல்லாருக்கும் நிதானமாக ஊற்றினார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. என் பங்கு டம்ளரை என்னிடம் கொண்டுவந்து, மடங்கிய விரல்களைப் பார்த்துவிட்டு, மெதுவாக இடது கையில் வைத்தார்.

"சூடா இருக்கும்மா" என்றார். "பார்த்துப் பிடி."