நான்காம் அடுக்கின் திசை

காலையிலிருந்து பம்பரத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓரிடத்தில் உட்கார மாட்டாள் என்று அக்கா கணவர் வைத்த பட்டப்பெயர் அது. ஆய்வுக்கூடம் வரைக்கும் பரவிவிட்டது. அன்று அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். மேசைமேல் அவளுடைய பழைய குறிப்பேடு விரிந்து கிடந்தது. அவள் கையெழுத்தேதான்: ‘மழை. துண்டுகள் உடைந்து வந்தன. குறி பிறகு.’

பாறைகளில் பதிந்த காந்தத்தைப் படிப்பது அவள் வேலை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அன்றைக்குக் காந்த வடக்கு எந்தப் பக்கம் இருந்ததோ அதைத் தனக்குள் பதித்துக்கொள்ளும். பூமியின் காந்த வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. கடைசி மாற்றம் நடந்து ஏழு லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுகள் இருக்கும். தலைகீழ்க் காந்தம் உள்ள பாறை அதைவிடப் பழையது.

ஒரு கல்குவாரியில் மேலிருந்து நான்காவது எரிமலைப் பாறை அடுக்கு தலைகீழ் என்று அளந்து சொன்னவள் அவள்தான். அதன் அடியில் களிமண்ணில் கிடைத்த விலங்கு எலும்புகளுக்கும் அதை வைத்தே வயது சொன்னார் அவளுடைய பேராசிரியை. கட்டுரை மறுநாள் மாலை போக வேண்டும்.

பாறையில் துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டுக்கு, அது துளைக்குள் இருக்கும்போதே எது மேல்பக்கம் என்று கோடு போட வேண்டும். முதலில் துண்டு எடுக்கப் போன அன்று, கொட்டுகிற மழையில், கோடு போடும் முன்பே நான்கு துண்டுகளும் உடைந்து கையோடு வந்துவிட்டன. வேனுக்குள் ஓடி, நான்கையும் ஒரே மாதிரி பிடித்து, நினைவை நம்பிக் கோடு போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை.

“மேடம், பல் வலி. இன்னைக்கு லீவு வேணும்.”

“முகமே சரியில்ல. போய்ப் பாத்துட்டு வா” என்றார் பேராசிரியை.

அக்கா கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். துளைக் கருவியை அவர் வண்டியில் ஏற்றினாள்.

“ஏம்மா, கல்லைப் பாக்க மூணு மணி நேரப் பயணமா? நம்ம தெருவுலயே கொட்டிக் கிடக்கே!”

“கிண்டல் அப்புறம் மாமா. வேகமா போங்க.”

“போறேன். நீ சீட்டை உதைக்கிறத நிறுத்து.”

குவாரி வாசலில் சிவப்புக் கொடி. மேஸ்திரி கையை விரித்தார். “ரெண்டு மணிக்கு வெடி. அப்புறம் அந்தச் சுவரே இருக்காது.”

மணி பன்னிரண்டே முக்கால். அவள் கெஞ்சியதில் அவர் இறங்கி வந்தார். “ஒரு மணி நேரம். விசிலடிச்சா போட்டது போட்டபடி ஓடி வரணும்.”

பழைய துளைகள் நான்கும் அப்படியே இருந்தன. பக்கத்தில் புதிதாக ஐந்து போட்டாள். துளைமுனை சூடாகாமல் மாமா சட்டை நனைய நனையத் தண்ணீர் ஊற்றினார். ஒவ்வொரு துண்டுக்கும் துளைக்குள்ளேயே கோடு போட்டு, சரிபார்த்து, மறுபடி சரிபார்த்தாள். பிறகு கத்தியை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்தாள். குழம்பின் சூட்டில் வெந்து சிவந்த களிமண்ணும் அதே நாளின் திசையைத்தான் பதித்து வைத்திருக்கும். இரண்டாவது கட்டியை வெட்டும்போது விசில் கேட்டது. மாமா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். காரை அடைந்து கொஞ்ச நேரத்தில் தரை அதிர்ந்தது. சுவர் புழுதியாக இறங்கியது.

மறுநாள் விடிந்ததும் ஆய்வுக்கூடத்தில் இருந்தாள். பின்னாளில் ஒட்டிய காந்தம் போகும்படி துண்டுகளைச் சூடாக்கி, ஆறவிட்டு, அளந்து, மறுபடி சூடாக்கினாள். நடுவில் வராந்தாவை எத்தனை முறை அளந்தாளோ. மதியம் முடிவு திரையில் வந்தது. ஐந்து துண்டும் இரண்டு கட்டியும் இன்றைய வடக்கையே காட்டின. அந்தச் சுவர் கிழக்குப் பார்த்து நின்றது. அதில் எடுத்த துண்டில் மேல்கீழ் மாறினால் வடக்கு அப்படியே தெற்காகிவிடும். ஒருவருக்கும் சந்தேகம் வராது.

இனியும் வராது. சுவர்தான் போய்விட்டதே. அந்த நினைப்பு வந்ததுமே நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். துண்டுகள் இருந்த தட்டோடும் குறிப்பேட்டோடும் பேராசிரியை அறைக்குள் போனாள்.

“மேடம், நேத்து பல் வலி இல்ல.”

பேராசிரியை எல்லாவற்றையும் கேட்டு, குறிப்பேட்டையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “பத்து மாசமா இந்த வயச ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கேன்.”

“தெரியும் மேடம்.”

“மழைன்னா திரும்பி வந்திருக்கணும். இல்ல, எங்கிட்ட சொல்லியிருக்கணும்.”

பேராசிரியை புதிய அளவுகளைத் தன் கணினியில் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சட்டென்று நிமிர்ந்தார்.

“களிமண்ணுக்குக் கீழ இருக்கற அஞ்சாவது அடுக்கு?”

“தலைகீழ் மேடம். அது நீங்க எடுத்த துண்டு.”

“அப்போ வடக்கு மாறினது இந்த ரெண்டுக்கும் நடுவுல. அந்தக் களிமண்ணுக்குள்ளயே இருக்கலாம்!” இப்போது அவர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். “அந்தக் களிமண் வேற எங்கயாவது மிச்சம் இருக்கா?”

“குவாரியோட தெற்குச் சுவர்ல ஓடுது. அடுத்த மாசம் அதையும் உடைக்கறாங்களாம்.”

கட்டுரை அன்று போகவில்லை. இருவரும் தெற்குச் சுவரில் பன்னிரண்டு நாள் களிமண்ணை விரற்கடை விரற்கடையாக வெட்டினார்கள். முதல் வாரம் பேராசிரியை வேலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. எட்டாம் நாள் தேநீர்க் குவளையை நீட்டினார். ஆய்வுக்கூடத்தில் அளந்தபோது, காந்தம் மாறிய இடம் களிமண்ணின் நடுவிலேயே அகப்பட்டது. எலும்புகள் கிடந்த மட்டம் அதற்கு ஒரு முழம் மேலே. முன்பு சொன்ன வயதைவிட அவை இளையவை.

புதிய கட்டுரை ஏழு மாதம் கழித்துப் போனது. பழைய பிழை எப்படி நேர்ந்தது என்று ஒரு முழுப் பத்தி அதில் இருந்தது. அதைப் பம்பரமே எழுதினாள், ஒன்பது முறை அடித்துத் திருத்தி.